பத்து வரியில் ஓர் அதிகாரம்

2023-இன் தொடக்கத்தில் ஏஐ உதவியாளர் என்றால் ஓர் உரையாடல் பெட்டி, அவ்வளவுதான். அலுவலகத் தரவுத்தளத்தில் என்ன இருக்கிறது என்று அதைக் கேட்டுப் பயனில்லை. நாமே வினவலை ஓட்டி, வந்த விடையை நகலெடுத்துப் பெட்டியில் ஒட்டி, "இதைப் பார்த்துச் சொல்" என்போம். அது எழுதித் தந்த திருத்தத்தை மறுபடி நகலெடுத்து நம் கோப்பில் ஒட்டுவோம். இன்று அதே வேலைக்கு ஒரு ஜேசன் கோப்பைத் திறந்து பத்து வரி எழுதுகிறோம். உதவியாளரே தரவுத்தளத்தைத் திறக்கிறது, கிட்ஹப்பில் பதிவான குறைகளைப் படிக்கிறது, ஃபோல்டருக்குள் கோப்பை எழுதுகிறது. இதை வசதி பெருகிய கதையாகச் சொல்வது வழக்கம், அது உண்மையும்கூட. ஆனால் அந்தப் பத்து வரி ஒருவகையில் பவர் பத்திரம். யாருக்கு, எந்தச் சொத்தின் மேல், எதுவரை உரிமை தருகிறோம் என்பது அதில்தான் எழுதப்படுகிறது. எழுதுவது எளிதாக ஆக, படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் பழக்கம் குறைந்து வருகிறது என்பதே என் கவலை.

முதல் முயற்சிகள் நிரலாளர்களை மட்டுமே நம்பியிருந்தன. 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ, சாட்ஜிபிடிக்கு ப்ளக்இன்களைக் கொண்டுவந்தது. தன் சேவையை இணைக்க விரும்பும் நிறுவனம், தன் இணையதளத்தில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு விவரக் கோப்பை வைக்க வேண்டும். தன் ஏபிஐ என்னென்ன செய்யும் என்பதை இன்னொரு கோப்பில் விளக்க வேண்டும். கோப்பை வைத்துக் கருவியை அறிமுகப்படுத்தும் எண்ணம் அப்போதே வந்துவிட்டது. ஆனால் அந்த இணைப்பு சாட்ஜிபிடிக்கு வெளியே எதற்கும் உதவவில்லை. 2024 ஏப்ரலில் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

2023 ஜூனில் அதே நிறுவனம் தந்த 'ஃபங்ஷன் காலிங்' நிலைத்து நின்றது. இதில் மாடல் எதையும் தானாகச் செய்வதில்லை. இந்தப் பெயருள்ள செயல்பாட்டை இந்த மதிப்புகளோடு அழைக்கவும் என்று ஜேசன் வடிவில் ஒரு வேண்டுகோளைத் தரும். அதைப் பிரித்து, சரிபார்த்து, உண்மையில் ஓட்டி, விடையைத் திருப்பி அனுப்புவது நம் நிரலின் பொறுப்பு. அந்தச் சுற்றை ஒவ்வொரு குழுவும் தானே எழுதியது. செயல்பாட்டின் உள்ளீட்டை விவரிக்கும் பகுதிக்கு ஓப்பன்ஏஐ ஒரு பெயர் வைத்தது, கிளாட் மாடலை உருவாக்கும் ஆந்த்ரோபிக் வேறொரு பெயர் வைத்தது. மாடலை மாற்றினால் ஒட்டு நிரலையும் மாற்ற வேண்டும். ஐந்து உதவியாளர்கள், பத்துக் கருவிகள் என்றால் ஐம்பது ஒட்டு வேலைகள். ஒரே கருவிக்கான இணைப்பு நிரலை எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ பேர் ஒருவரையொருவர் அறியாமல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

நிரல் எடிட்டர்கள் இதே சிக்கலை முன்பே சந்தித்துக் கடந்திருந்தன. ஒவ்வொரு எடிட்டருக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியே ஆதரவு எழுத வேண்டியிருந்த நிலையை, 2016-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட 'லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகால்' மாற்றியது. மொழியை அறிந்த பகுதி தனி நிரலாக ஓடும். எடிட்டர் அதனுடன் ஜேசன்-ஆர்பிசி செய்திகளால் பேசும். ஆந்த்ரோபிக்கில் டேவிட் சோரியா பாராவும் ஜஸ்டின் ஸ்பார்-சம்மர்ஸும் இந்த அமைப்பை ஏஐ உதவியாளர்களுக்குக் கொண்டுவந்தார்கள். 2024 நவம்பர் 25 அன்று 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்', சுருக்கமாக எம்சிபி, பொதுவெளிக்கு வந்தது. கருவியை ஒருமுறை சர்வராக எழுதினால் போதும். எம்சிபி தெரிந்த எந்த உதவியாளரும் அதைப் பயன்படுத்தும். ஐம்பது வேலை பதினைந்தாகச் சுருங்கியது.

ஆந்த்ரோபிக்கின் கிளாட் டெஸ்க்டாப் செயலியின் கான்ஃபிக் கோப்பில் இதற்கென ஒரு பகுதி. அதில் சர்வருக்கு நாம் வைக்கும் ஒரு பெயர், அதற்குள் மூன்று விவரங்கள்: எந்த நிரலை ஓட்டுவது, அதற்கு என்ன உள்ளீடுகள், எந்தச் சூழல் மாறிகள். செயலி திறக்கும்போது கோப்பைப் படித்து ஒவ்வொரு சர்வரையும் தனிச் செயல்முறையாகக் கிளப்புகிறது. செயலியும் சர்வரும் முதலில் தங்கள் நெறிமுறைப் பதிப்பையும் திறன்களையும் சொல்லிக்கொள்கின்றன. பிறகு செயலி கருவிப் பட்டியலைக் கேட்கிறது. சர்வர் ஒவ்வொரு கருவிக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் என்று தருகிறது. அந்த விளக்கங்கள் மாடலின் பார்வைக்குப் போகின்றன. நாம் ஒன்றைக் கேட்கும்போது எந்தக் கருவியை அழைப்பது என்று மாடல் முடிவு செய்வது அவற்றைப் படித்துத்தான்.

யூனிக்ஸ் நிர்வாகிகளுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. 1986-இல் வெளிவந்த 4.3 பிஎஸ்டி யூனிக்ஸில் 'ஐநெட்டி' என்றொரு நிரல் உண்டு. அதன் கான்ஃபிக் கோப்பில் ஒரு சேவைக்கு ஒரு வரி. யாராவது இணைப்புக் கேட்டு வந்தால் ஐநெட்டி அந்த வரியில் உள்ள நிரலைக் கிளப்பி, வலைப்பின்னல் இணைப்பையே அதன் உள்ளீடாகவும் வெளியீடாகவும் கோத்துவிடும். நிரல் தன் உள்ளீட்டைப் படித்து வெளியீட்டில் எழுதினால் போதும். எம்சிபியின் தொடக்க வடிவமும் ஏறத்தாழ இதேதான். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு, இரண்டும் பெரியவை. ஐநெட்டி வரியில், நிரல் எந்தப் பயனரின் பெயரில் ஓட வேண்டும் என்பதற்கு ஒரு தனிக் கட்டம் இருந்தது. கவனமான நிர்வாகி சாதாரணச் சேவைகளுக்கு அதில் 'நோபடி' என்று எழுதுவார். அந்த நிரல் கெட்ட கைக்குப் போனாலும் அதனால் தொடக்கூடியது மிகக் குறைவு. அந்த வரி காட்டிய நிரலும் அதே இயந்திரத்தில், நிர்வாகி நிறுவிய இடத்தில் இருந்தது. கிளாட் டெஸ்க்டாப் கோப்பில் பயனர் கட்டம் கிடையாது. சர்வர் நம் பெயரிலேயே, நம்முடைய எல்லா உரிமைகளோடும் ஓடுகிறது. அங்கே நாம் எழுதும் கட்டளையோ பெரும்பாலும் 'என்பிஎக்ஸ்' அல்லது 'யுவிஎக்ஸ்'. இவை இணையத்தில் இருக்கும் ஒரு பொதியைப் பெயர் சொல்லித் தருவித்து ஓட்டுபவை. வரி சுருங்கியது; வரி சுட்டும் பொருள் நம் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது.

2024 டிசம்பரில் தொடங்கி அடுத்த கோடை வரை இதை முயன்றவர்கள் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். கோப்பு மேக்கில் லைப்ரரிக்குள், அப்ளிகேஷன் சப்போர்ட்டுக்குள் கிடக்கும், விண்டோஸில் ஆப்டேட்டாவுக்குள். கையால் திறந்து கையால் எழுத வேண்டும். ஜேசன் வடிவம் கடைசி உருப்படிக்குப் பின் ஒரு கமாவைப் பொறுக்காது, குறிப்பு எழுதி வைக்கவும் இடம் தராது. விண்டோஸ் பாதைகளில் வரும் ஒவ்வொரு பின்சாய்கோட்டையும் இரண்டாக எழுத வேண்டும். எல்லாம் சரியாக இருந்தாலும் சன்னலை மூடித் திறந்தால் போதாது. செயலியை முழுவதும் நிறுத்திக் கிளப்பினால்தான் கோப்பு மறுபடி படிக்கப்படும்.

டெர்மினலில் என்பிஎக்ஸ் என்று அடித்தால் ஓடும். அதே சொல்லைக் கோப்பில் எழுதினால் நிரலே இல்லை என்று பிழை வரும். பலரை நாள் கணக்கில் அலைக்கழித்த பிழை இது. காரணம் எளியது. டெர்மினல் திறக்கும்போது ஷெல் தன் தொடக்கக் கோப்புகளைப் படித்து, நிரல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்ற பட்டியலைத் தயாரிக்கிறது. ஐகானைச் சொடுக்கித் திறந்த செயலிக்கு அந்தப் பட்டியல் வந்து சேராது. நோடின் பல பதிப்புகளை என்விஎம் வழியாக வைத்திருப்பவர்கள் இதில் தவறாமல் மாட்டினார்கள். பலருக்கு முழுப் பாதையை எழுதியதும் தீர்ந்தது.

சர்வர் எழுதுபவர்களுக்கு வேறொரு பொறி காத்திருந்தது. இங்கே நிரலின் வெளியீடுதான் செய்திகள் போகும் கம்பி. நிரலுக்குள் எங்கோ ஒரு மூலையில் 'சர்வர் தயார்' என்று ஒரு பிரிண்ட் வரி இருந்தால், அந்தச் சொற்களும் ஜேசன் செய்திகளுக்கு நடுவே போய் விழும். எதிர்ப்பக்கம் அதைப் புரிந்துகொள்ள முடியாமல் பிழை காட்டும், இணைப்பே அறுந்துபோகவும் கூடும். நாம் எழுதிய வரியாக இருக்க வேண்டியதில்லை, நாம் சேர்த்த ஏதோ ஒரு லைப்ரரி அச்சிடும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். வெளியீட்டில் நெறிமுறைச் செய்திகளைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது, லாகைப் பிழை வெளியீட்டில் எழுதலாம் என்பது நெறிமுறையிலேயே இருக்கிறது. டாக்கர் வழியாக ஓட்டியவர்களுக்கும் ஒரு பாடம் உண்டு. உள்ளீட்டைத் திறந்து வைக்கும் ஒற்றை எழுத்து விருப்பத்தை விட்டுவிட்டால் கன்டெய்னர் எழுந்த வேகத்தில் அடங்கிவிடும்.

இந்தப் பாடுகள் திரும்ப வர வேண்டும் என்று நான் ஏங்கவில்லை. ஆனால் ஒவ்வொரு பிழையும் நம்மை உட்கார வைத்து, எந்த நிரல், எங்கிருந்து, எந்தச் சூழலில் ஓடுகிறது என்று பார்க்க வைத்தது. முழுப் பாதையைத் தேடி எழுதியவருக்குத் தன் கணினியில் எது ஓடுகிறது என்பது தெரிந்திருந்தது.

2025-இல் பரவல் வேகம் பிடித்தது. மார்ச்சில் ஓப்பன்ஏஐயும் ஏப்ரலில் கூகுளும் எம்சிபியை ஏற்பதாக அறிவித்தன. சென்னையின் ஸோஹோ ஜூலையில் தன் செயலிகளுக்கான எம்சிபி சர்வரை அறிவித்தது. தனி ஆளின் கணினியில் கிடந்த கோப்பு புராஜெக்டுக்குள்ளும் குடியேறியது. கிளாட் கோட், கர்சர், விஎஸ் கோட் ஆகிய நிரலெழுதும் கருவிகள் மூன்றும் புராஜெக்டின் ரெப்போவுக்குள்ளேயே ஒரு எம்சிபி கோப்பை வைக்க இடம் தந்தன. புதிதாகச் சேரும் ஒருவர் ரெப்போவைத் தன் கணினிக்கு இறக்கினால் போதும், குழுவின் கருவிகள் எல்லாம் அவருக்கும் கிடைக்கும். இது உண்மையான பேறு. ஆனால் சூழல் மாறிகளுக்கான இடத்தில் சேவையின் சாவியான டோக்கனை வெறும் எழுத்தாக ஒட்டிவைத்த பழக்கமும் கூடவே வந்தது. சொந்தக் கணினியில் அது கவனக்குறைவு. கிட்டுக்குள் போனால் அது வரலாற்றில் நின்றுவிடும், பின்னால் அழித்தாலும் பழைய பதிவில் இருக்கும். கிளாட் கோட் கோப்பில் டோக்கனுக்குப் பதில் சூழல் மாறியின் பெயரை மட்டும் எழுதலாம். விஎஸ் கோட் முதல்முறை ஓடும்போது சாவியைக் கேட்டு வாங்கித் தனியே பாதுகாக்கிறது. இந்த இரண்டில் ஒன்றைச் செய்யாத எம்சிபி கோப்பை ரெப்போவுக்குள் விடவே கூடாது.

பகிரப்பட்ட கோப்பு இன்னொரு கதவையும் திறந்தது. ரெப்போவுக்குள் இருக்கும் எம்சிபி கோப்பை முதன்முறை பார்க்கும்போது கர்சர் நம்மிடம் அனுமதி கேட்கும். ஒருமுறை ஒப்புக்கொண்டால், அந்தப் பெயரில் உள்ள சர்வருக்காக மறுபடி கேட்காமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் செக் பாயின்ட் ஆய்வாளர்கள் 'எம்சிபாய்சன்' என்ற பெயரில் வெளியிட்ட குறை இங்கேதான் இருந்தது. ஒருவர் தீங்கற்ற கட்டளையோடு ஒரு சர்வரைக் கோப்பில் சேர்க்கிறார். சக ஊழியர் பார்த்து அனுமதிக்கிறார். சில நாள் கழித்து முதலாமவர், பெயரைத் தொடாமல் கட்டளையை மட்டும் மாற்றுகிறார். சக ஊழியர் அடுத்தமுறை புராஜெக்டைத் திறந்ததும் புதிய கட்டளை ஒரு கேள்வியும் இல்லாமல் அவர் கணினியில் ஓடுகிறது. சிவிஇ-2025-54136 என்று பதிவான இந்தக் குறையைக் கர்சரின் 1.3 பதிப்பு திருத்தியது. இப்போது கோப்பில் எது மாறினாலும் புதிதாக அனுமதி கேட்கப்படுகிறது. திருத்தம் சரியானதே. ஆனால் குறையின் வேர் கர்சரோடு முடிவதில்லை. நாம் அனுமதித்தது ஒரு கட்டளையை. செயலி நினைவில் வைத்தது ஒரு பெயரை.

அடுத்த மாதமே அதே வேர் வேறு இடத்தில் முளைத்தது. போஸ்ட்மார்க் என்ற மின்னஞ்சல் சேவையின் பெயரைத் தாங்கி, என்பிஎம் என்ற பொதிக் களஞ்சியத்தில் ஓர் எம்சிபி பொதி இருந்தது. அதை வெளியிட்டது அந்த நிறுவனம் இல்லை, வேறு யாரோ. பதினைந்து பதிப்புகள் ஒழுங்காக வேலை செய்தன. 1.0.16 பதிப்பில் ஒரே ஒரு வரி கூடியது: அனுப்பப்படும் ஒவ்வொரு மின்னஞ்சலின் நகலும் மறைமுகமாக வெளியாள் ஒருவரின் முகவரிக்குப் போனது. கோய் செக்யூரிட்டி இதைக் கண்டுபிடித்து வெளியிட்டது. கான்ஃபிக் கோப்பில் பதிப்பு எண் குறிக்காமல் பொதியின் பெயரை மட்டும் எழுதியிருந்தவர்களின் கோப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அவர்கள் எழுதிய வரி அப்படியே இருந்தது. வரியின் பொருள் மாறிவிட்டது.

சர்வரைத் தன் கணினியில் ஓட்டாமல் வெளியே நிறுவி நடத்தும் முறையும் இதே காலத்தில் மாறியது. முதல் நெறிமுறையில் தொலைவுச் சர்வருக்கு நீண்ட நேரம் திறந்திருக்கும் ஓர் இணைப்பும் தனியாக ஒரு முகவரியும் தேவைப்பட்டன; கிளவுடில் தேவைக்கேற்ப எழுந்து அடங்கும் அமைப்புகளோடு அது ஒத்துப்போகவில்லை. 2025 மார்ச் 26 தேதியிட்ட பதிப்பு அதை ஒரே முகவரியாக்கியது, உள்நுழைவுக்கு ஓஆத் 2.1-ஐயும் சேர்த்தது. பயன்படுத்துபவரின் கோப்பில் கட்டளை போய், ஒரு யூஆர்எல் வந்து உட்கார்ந்தது. டோக்கனைக் கோப்பில் ஒட்டும் தேவையே பலருக்குப் போய்விட்டது. இது எல்லாவற்றிலும் நல்ல மாற்றம் என்பேன். ஆனால் சுமை நிறுவுபவரின் தோளுக்கு மாறியிருக்கிறது. கணினியில் ஓடும் சர்வர் ஒரே ஆளுக்கானது. வெளியே நிற்கும் சர்வருக்கு எதிரே ஆயிரம் பேர். யார் கேட்கிறார்கள், யாருடைய தரவு என்பதை ஒவ்வோர் அழைப்பிலும் அது பிரித்தறிய வேண்டும். 2025 ஜூனில் பணி மேலாண்மைச் சேவையான அசானா தன் எம்சிபி சர்வரைச் சில நாள் நிறுத்திவைக்க நேர்ந்ததற்குக் காரணம், ஒரு நிறுவனத்தின் தரவு இன்னொரு நிறுவனத்தின் பயனருக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு பிழை.

கையால் எழுதும் கோப்பே இப்போது மறைந்து வருகிறது. 2025 ஜூனில் கிளாட் டெஸ்க்டாப்புக்கு வந்த எக்ஸ்டென்ஷன்கள், சர்வரையும் அதற்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தருகின்றன. இரட்டைச் சொடுக்கு, ஒரு படிவம், முடிந்தது. சாவிகளை இயங்குதளத்தின் பெட்டகமே வைத்துக்கொள்கிறது. செப்டம்பரில் சர்வர்களுக்கான பொதுப் பதிவகம் முன்னோட்டமாகத் திறந்தது. டெர்மினலையே பார்த்திராத கணக்கர்களும் ஆசிரியர்களும் இன்று கருவிகளை இணைக்கிறார்கள். அவர்களுக்கு இது கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். அவர்களிடம் போய் என்பிஎம் பதிப்பு எண்களைக் கவனியுங்கள் என்று சொல்வது நியாயமில்லை. அதனாலேயே நிறுவித் தருபவர்களும் நெறிமுறையை வரைபவர்களும் அதைக் கவனித்தாக வேண்டும்.

நல்ல முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. கோப்புகளைப் படிக்கும் ஃபைல்சிஸ்டம் சர்வரில், எந்த ஃபோல்டர்களைத் தொடலாம் என்பதை உள்ளீடாகவே எழுதிவிடலாம். அந்த வேலியிலும் ஓட்டை இருந்தது உண்மை. பாதையின் தொடக்க எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டதால், அனுமதித்த ஃபோல்டரின் பெயரோடு தொடங்கும் பக்கத்து ஃபோல்டருக்குள்ளும் நுழைய முடிந்தது. 2025 ஜூலைப் பதிப்பில் அடைத்தார்கள். கிட்ஹப்பின் சர்வரை ஒரே ஒரு சூழல் மாறியால் படிக்க மட்டும் உரிமையுள்ளதாக ஆக்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது பெங்களூரின் ஸீரோதா, தன் கைட் பங்குச்சந்தைத் தளத்துக்காக வெளியிட்ட சர்வர். திறந்த மூலமான அந்த நிரலில் ஆர்டர் போடும் கருவிகளும் இருக்கின்றன. ஆனால் நிறுவனம் தானே நடத்தும் சர்வரில், விலக்க வேண்டிய கருவிகளின் பெயர்களைக் கான்ஃபிக்கில் பட்டியலிட்டு அவற்றை எடுத்துவிட்டது. உங்கள் பங்குகளைப் பார்க்கவும் அலசவும் உதவியாளரால் முடியும், விற்க முடியாது. மாடல் எவ்வளவு குழம்பினாலும், யார் அதை ஏமாற்றினாலும், இல்லாத கருவியை அழைக்க வழியில்லை.

2025 டிசம்பரில் ஆந்த்ரோபிக், எம்சிபியை லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் உருவான ஏஜென்டிக் ஏஐ ஃபவுண்டேஷனிடம் ஒப்படைத்தது. இனி ஒரு நிறுவனத்தின் சொத்தாக இல்லாத இந்த நெறிமுறையில் எனக்கு மூன்று கட்டங்கள் வேண்டும்: சர்வர் எந்த உரிமையின் கீழ் ஓடும், பொதியின் எந்தப் பதிப்பு என்பதை உறுதிசெய்யும் ஹாஷ், எந்தக் கருவிகள் மட்டும் திறந்திருக்கும். ஹாஷ் குறிப்பதற்கான இடம் பதிவகத்தில் சில வகைப் பொதிகளுக்கு வந்துவிட்டது. மற்ற இரண்டும் இன்று ஒவ்வொரு செயலியும் ஒவ்வொரு சர்வரும் தன் விருப்பப்படி செய்வதாக இருக்கின்றன. அவை வரும்வரை நான் பொதியின் பெயருக்குப் பின்னால் பதிப்பு எண்ணை எழுதுகிறேன். டோக்கனுக்குப் படிக்க மட்டும் உரிமை தருகிறேன். கோப்புகளைத் தொடும் சர்வரை டாக்கருக்குள் வைத்து, தேவையான ஒரு ஃபோல்டரை மட்டும் மாற்ற முடியாதபடி உள்ளே காட்டுகிறேன். ரெப்போவில் எம்சிபி கோப்பின் ஒரு வரி மாறினாலும், இரண்டாவது ஆள் அந்த வரியைப் படித்துச் சரி என்று சொன்ன பிறகே உள்ளே சேர்க்கிறோம்.